மூன்றாண்டு அனுபவமுள்ள தரப் பொறியாளர் தன் ரெஸ்யூமை எப்படி எழுத வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாக மீண்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றின் தரப் பிரிவில் மூன்றாண்டுகளாகப் பணியாற்றுகிறீர்கள். ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் வட்டார நிறுவனங்களுக்கு மாதக்கணக்கில் ரெஸ்யூம் அனுப்பியும் அழைப்பு வரவில்லை. கட்டணம் செலுத்தி நல்ல டெம்ப்ளேட் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்திருந்த இரண்டு பக்கங்களையும் படித்தேன். டெம்ப்ளேட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் ரெஸ்யூமைப் படித்தால் தரப் பிரிவு என்ன வேலை செய்யும் என்பது தெரிகிறதே தவிர, அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரியவில்லை. தரப் பிரிவில் இருக்கும் வேறு எவருடைய பெயரை மேலே போட்டாலும் அந்த இரண்டு பக்கங்களும் அப்படியே பொருந்திவிடும்.

யார் படிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். உற்பத்தி நிறுவனங்களில் ஒரு ரெஸ்யூம் பெரும்பாலும் இரண்டு பேர் கையைத் தாண்ட வேண்டும். முதலாமவர் மனிதவளப் பிரிவின் அலுவலர். அவர் பெரும்பாலும் பொறியியல் படித்தவராக இருக்கமாட்டார். தரப் பிரிவு மேலாளர் எழுதித்தந்த தேவைப் பட்டியலை வைத்துக்கொண்டு, அதிலுள்ள சொற்கள் உங்கள் ரெஸ்யூமில் இருக்கின்றனவா, அனுபவ ஆண்டுகள் ஒத்துவருகின்றனவா, ஊர் தோதுப்படுமா என்று மட்டும் பார்த்துத் தள்ளவோ எடுக்கவோ செய்வார். இரண்டாமவர் அந்த மேலாளர். அவருக்குச் சொற்களைப் பற்றிக் கவலை இல்லை. இந்த ஆளை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினால் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவர் பார்வை. முதலாமவருக்குச் சரியான சொல் வேண்டும், இரண்டாமவருக்குக் கேள்வி கேட்கத் தூண்டும் வரி வேண்டும். உங்கள் ரெஸ்யூமில் முதலாவது பாதியளவு இருக்கிறது, இரண்டாவது அறவே இல்லை.

ஆகவே, உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைப் பணி அனுபவம் என்ற பகுதிக்கே கொடுங்கள். நீங்கள் இப்போது எழுதியிருப்பது ஏறத்தாழ இப்படி இருக்கிறது: "உள்வரும் பொருள்களை ஆய்வு செய்தல், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளுதல், ஆவணங்களைப் பராமரித்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்பு." இது உங்கள் நியமனக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம். இதையே வேலையின் விவரத்தோடு எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள், எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் இட்டவை, ரெஸ்யூமில் இதை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள்: "அலுமினிய வார்ப்புப் பாகங்கள் வழங்கும் 14 சப்ளையர்களின் உள்வரும் ஆய்வை நடத்தினேன், நுண்துளைக் குறையால் வந்த நிராகரிப்பை, சப்ளையரின் அச்சு வெப்பநிலைப் பதிவுகளை ஷிஃப்ட் வாரியாக ஒப்பிட்டுக் காரணம் கண்டு, எட்டு மாதத்தில் 3.2 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாகக் குறைத்தேன்." இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மேலாளர் எத்தனையோ கேள்வி கேட்கலாம். ஷிஃப்ட் வாரியாகப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றியது, சப்ளையர் ஒப்புக்கொண்டாரா, குறை திரும்பி வந்ததா, அச்சு வெப்பநிலைதான் காரணம் என்பதை எப்படி உறுதிசெய்தீர்கள்? இவற்றுக்கெல்லாம் உங்களிடம் விடை இருக்கும், ஏனென்றால் நீங்கள்தானே செய்தீர்கள். நேர்முகத் தேர்வு எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதை இப்படிப்பட்ட வரியின் மூலம் ஓரளவு நீங்களே வகுத்துவிடுகிறீர்கள்.

எண் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். தரப் பிரிவைப் போல எண்கள் நிறைந்த பிரிவு ஆலையில் வேறொன்று இல்லை. மாதாந்தர மீளாய்வுக் கூட்டத்தில் காட்டிய பி.பி.எம். கணக்கு (பத்து லட்சம் பாகங்களில் எத்தனை குறை என்ற கணக்கு), வாடிக்கையாளர் புகாருக்கு எழுதிய 8டி அறிக்கைகள் (எட்டுப் படிகளில் காரணம் கண்டு தீர்க்கும் அறிக்கை), சிறுசிறு மேம்பாடுகளைப் பதியும் கைசன் தாள்கள், ஆடிட்டில் வந்த குறைகளும் அவற்றை மூடிய தேதிகளும், பி.பி.ஏ.பி. (உற்பத்திக்கு முன் வாடிக்கையாளரின் ஒப்புதல் பெறும் ஆவணத் தொகுப்பு) சமர்ப்பித்த பாகங்களின் எண்ணிக்கை என்று மூன்றாண்டு வேலையும் எண்களாகவே பதிவாகியிருக்கும். அவற்றை ஒருநாள் அமைதியாக உட்கார்ந்து நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். நிறுவனத்தின் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். வேலைக்கே உலை வைக்கும் செயல் அது. அதேபோல வாடிக்கையாளரின் வரைபட எண், பாகத்தின் விலை போன்றவற்றை ரெஸ்யூமில் எழுதக் கூடாது. வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல நிறுவனம் தடைவிதித்திருந்தால், முன்னணி இருசக்கர வாகன நிறுவனம் என்று எழுதினாலே போதும்.

ஓர் எண் நம்பும்படி இருக்க வேண்டுமானால் அதற்குத் தொடக்க நிலை, முடிவு நிலை, காலம் ஆகிய மூன்றும் வேண்டும். "நிராகரிப்பை 50 சதவீதம் குறைத்தேன்" என்று மட்டும் எழுதினால், நாலு பாகம் இரண்டாகக் குறைந்ததா, நாலாயிரம் இரண்டாயிரமானதா என்பது தெரியாது. குழுவாகச் செய்த வேலையானால் குழுவில் உங்கள் பங்கு எது என்பதை எழுதுங்கள். நான்கு பேர் குழுவில் அளவீட்டுத் தரவைச் சேகரித்து ஆராய்ந்தவர் நீங்கள் என்றால் அதை அப்படியே சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் தானே செய்ததாக எழுதும் மூன்றாண்டு அனுபவக்காரரை எந்த மேலாளரும் நம்பமாட்டார், அவரும் அந்தப் படிகளில் ஏறி வந்தவர்தான். முன்னேற்றத்தைக் காட்ட எண் கிடைக்காத வேலைகளும் உண்டு. அங்கே அளவைச் சொல்லுங்கள்: ஒரு ஷிஃப்டில் எத்தனை பாகங்கள், எத்தனை அளவுமானிகளின் அளவுத்திருத்த அட்டவணை, எத்தனை லைன்களுக்கு நீங்கள் ஒருவரே பொறுப்பு என்பவையும் செய்திதான்.

திறன்கள் பட்டியலுக்கு வருகிறேன். வரைபட மென்பொருளான ஆட்டோகேட் 80 சதவீதம், புள்ளியியல் மென்பொருளான மினிடேப் 70 சதவீதம் என்று பட்டைகள் வரைந்திருக்கிறீர்கள். எதில் எண்பது? அந்தப் பட்டைகள் டெம்ப்ளேட் விற்பவருக்கு அழகாகத் தெரிகின்றன, ஆளெடுப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் எழுதியிருக்கும் இருபதுக்கும் மேற்பட்ட திறன்களில் பாதியைப் பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டிருப்பீர்களே தவிரக் கையாண்டிருக்கமாட்டீர்கள் என்று தோன்றுவது. எஃப்.எம்.இ.ஏ. (எங்கே என்ன பழுது வரலாம் என்று முன்கூட்டியே ஆராயும் முறை) தெரியும் என்று எழுதுபவரிடம், அமெரிக்க, ஜெர்மன் வாகனத் தொழில் அமைப்புகளான ஏ.ஐ.ஏ.ஜி.யும் வி.டி.ஏ.வும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட கையேட்டில் ஆர்.பி.என். என்ற இடர் முன்னுரிமை எண்ணுக்குப் பதிலாக எது வந்தது என்று நான் கேட்பதுண்டு. செயல் முன்னுரிமை என்ற முறை வந்தது என்பதை அந்த வேலையை உண்மையில் செய்தவர் தயங்காமல் சொல்லிவிடுவார். அளவீட்டு முறைமை ஆய்வு செய்ததாக எழுதியிருந்தால், கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளவுமானியாலும் அளப்பவராலும் வரும் வேறுபாட்டின் அளவு) முடிவு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் என்ன, 10க்கும் 30க்கும் இடையில் இருந்தால் என்ன என்பது நாவில் இருக்க வேண்டும். பட்டியலில் எட்டோ பத்தோ இருக்கட்டும். ஒவ்வொன்றையும் எந்த வேலையில் பயன்படுத்தினீர்கள் என்பது மேலே அனுபவப் பகுதியில் தெரியட்டும்.

அடுத்தது மென்பொருள் பற்றிய அச்சம். ரெஸ்யூமைக் கணினியே படித்துத் தள்ளிவிடுகிறது, இத்தனை சதவீதம் மனிதக் கண்ணுக்கே போவதில்லை என்றெல்லாம் உலவும் கணக்குகளை வைத்துக் கலங்க வேண்டாம். விண்ணப்ப மேலாண்மை மென்பொருள் முதன்மையாகச் செய்வது ரெஸ்யூமிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்துச் சேமித்து, தேடும்போது எடுத்துக் கொடுப்பதுதான். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் ஆளெடுப்பவர்கள் ரெஸ்டெக்ஸ் என்ற சேமிப்பகத்தில் தேடுகிறார்கள். அங்கே குறிச்சொல்லோடு அனுபவ ஆண்டு, ஊர், தற்போதைய சம்பளம், நோட்டீஸ் காலம் ஆகியவற்றையும் வைத்து வடிகட்ட முடியும். ஆகையால் அந்தத் தளத்தில் அந்தப் பெட்டிகளைக் காலியாக விட்டிருப்பவர், எவ்வளவு அருமையான ரெஸ்யூமை இணைத்திருந்தாலும், தேடலில் அகப்படாமல் போகக்கூடும். விளம்பரத்தில் வாகனத் தொழிலின் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949 என்று கேட்டிருந்தால் உங்கள் ரெஸ்யூமிலும் அதே பெயரும் எண்ணும் இருக்க வேண்டும்; தரச் சான்றிதழ் முறைகள் என்று பொதுவாக எழுதினால் தேடலில் கிடைக்காது. சுருக்கப் பெயருடன் விரிவையும் ஓரிடத்தில் சேர்த்து எழுதிவிடுங்கள், தேடுபவர் எதைத் தட்டினாலும் வரும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகக் குறிச்சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரத்தைச் சிலர் சொல்லித்தருகிறார்கள். எழுத்தைப் பிரித்தெடுத்ததும் அது வெளியே தெரிந்துவிடும், மானமும் போய்விடும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, முழுவதையும் தெரிவுசெய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை குலையாமல், எழுத்து விடுபடாமல் வந்தால் பெரும்பாலான மென்பொருள்களும் அதைப் படித்துவிடும். உங்கள் கோப்பில் இரண்டு பத்திகள் பின்னிப் பிணைந்து, திறன்களும் பணி ஆண்டுகளும் கலந்து வந்தன. தொலைபேசி எண் ஒரு படத்துக்குள் இருந்ததால் வரவே இல்லை. ஒற்றைப் பத்தி, சாதாரண எழுத்துரு, தலைப்புகளுக்குத் தடித்த எழுத்து, இவை போதும். தொடர்பு விவரங்களைப் பக்கத்தின் தலைக்குறிப்பில் வைக்காமல் உடற்பகுதியிலேயே வையுங்கள், சில மென்பொருள்கள் தலைக்குறிப்பைப் படிப்பதில்லை.

நீக்க வேண்டியவை சில இருக்கின்றன. முதலில் அந்தக் குறிக்கோள் பத்தி. உங்கள் ஆற்றலை நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் உங்கள் வளர்ச்சிக்கும் பயன்படுத்தச் சவாலான சூழலை நாடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும் அந்தப் பத்தியை இதுவரை எவரும் இறுதிவரை படித்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் மூன்று வரியில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்: எத்தனை ஆண்டு, எவ்வகைப் பாகங்கள், எந்தச் செயல்முறை, எந்தத் தரநிலை, பெரிய சாதனை ஒன்று. கடைசியில் ஊர், தேதி, கையொப்பத்துடன் வரும் உறுதிமொழியும் வேண்டாம். தனியார் நிறுவனம் அதைக் கேட்பதில்லை. பணியில் சேரும்போது அவர்களே தனிப் படிவத்தில் உறுதிமொழி வாங்கிக்கொள்வார்கள்.

தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, கதவு எண் வரையிலான முகவரி, ஆதார் எண், பான் எண் ஆகியவற்றையும் நீக்குங்கள். அடையாள எண்களைப் பலர் கைக்குப் போகும் தாளில் எழுதுவது மோசடிக்கு வழிவிடுவதாகும், அது எளிதில் புரியும். மற்றவற்றை நீக்கச் சொல்வதற்கு வேறு காரணமுண்டு. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த கல்வித் தகுதியுடன் பெயர் மட்டும் வேறுபட்ட விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தலித் அடையாளம் தெரியும் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாக வந்தது. பெயரை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் வேலைக்குத் தொடர்பில்லாத அடையாளங்களை, எவரும் கேட்காமலே நாமாக எடுத்துக் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

இந்த விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பும் ரெஸ்யூமில் புகைப்படமும் பிறந்த தேதியும் இருக்கக் கூடாது. ஜெர்மனியில் 2006-இல் வந்த சம நடத்தைச் சட்டத்துக்குப் பிறகு நிறுவனங்கள் புகைப்படத்தைக் கட்டாயமாகக் கேட்பதைத் தவிர்க்கின்றன, ஆயினும் பலர் இன்னும் வைக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வழக்கம் நேர்மாறு. குடியுரிமை, விசா நிலை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை முதற்பக்கத்திலேயே எதிர்பார்ப்பார்கள்.

இனி, பலர் தடுமாறும் இடம்: பணிக்காலமும் சம்பளப் பட்டியலும். நம் ஆலைகளில் பொறியாளர்களில் கணிசமானோர் ஒப்பந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு பெரிய நிறுவனத்தின் வளாகத்தில் வேலை செய்கிறார்கள். நீங்களும் முதல் ஓராண்டு அப்படி இருந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், ஆனால் ரெஸ்யூமில் மூன்றாண்டும் பெரிய நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் ஊழியருக்கு உரிய நிலையான எண்ணான யு.ஏ.என். கணக்கில் யார் பணம் செலுத்தினார்கள், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பதிவைத்தான். ஒப்பந்த நிறுவனத்தின் பெயரை எழுதி, அதன் சார்பாக இன்ன நிறுவனத்தின் இன்ன ஆலையில் பணி என்று அடுத்து எழுதினால் மதிப்பு எதுவும் குறைந்துவிடாது. அதே வேலையை அதே லைனில்தான் செய்தீர்கள் என்பது மேலாளருக்குத் தெரியும். சரிபார்ப்பில் முரண்பாடு வந்தால், பணி ஆணை கைக்கு வந்த பிறகும்கூட வேலை போகும்.

இதோடு தொடர்புடைய ஒரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெற்றிருந்தால் அந்தக் காலம் வைப்பு நிதிப் பதிவில் வராது, ஏனென்றால் அச்சட்டத்தின்கீழ் வரும் பழகுநர்களை வைப்பு நிதிச் சட்டம் ஊழியராகக் கொள்வதில்லை. அதனால் பயிற்சிச் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமில் பழகுநர் என்றே எழுதுங்கள், பொறியாளர் என்று உயர்த்தி எழுத வேண்டாம்.

இடைவெளிகளை மறைக்க வேண்டியதில்லை. கல்லூரி முடித்ததும் எட்டு மாதம் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தீர்கள் என்றால் அதை ஒரே வரியில் மாதம், ஆண்டோடு எழுதிவிடுங்கள். இந்த மாநிலத்தில் ஆளெடுப்பவர்கள் அதைக் கேள்விப்படாதவர்கள் அல்லர். வீட்டில் ஒருவருடைய நோய்க்காக இருந்திருந்தாலும் குடும்பக் காரணம் என்ற அளவில் சொல்லி நிறுத்திவிடலாம். தேதிகளை இழுத்துப்பிடித்து இடைவெளியை மூடுவதுதான் ஆபத்து.

கல்விக்கு மூன்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு நான்கு வரி போதும், அதுவும் அனுபவத்துக்குக் கீழே. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை அட்டவணையில் போட்டு முதற்பக்கத்தின் பாதியை நிரப்பியிருக்கிறீர்கள், அந்த இடம் உங்கள் 8டி வேலைக்கு வேண்டும். அரியர் இருந்ததா என்று ரெஸ்யூமில் எழுத வேண்டாம். படிவத்திலோ நேரிலோ கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணி, இப்போது தேடும் வேலையோடு தொடர்புடையதானால் மட்டும் ஒரு வரி.

ஒரே ரெஸ்யூமை எல்லா இடத்துக்கும் அனுப்புவதை நிறுத்துங்கள். உங்கள் அனுபவத்துக்கு இரண்டு வடிவங்கள் தேவைப்படும்: சப்ளையர் தரத்துக்கு ஒன்று, உற்பத்திச் செயல்முறைத் தரத்துக்கு இன்னொன்று. முன்னதில் உள்வரும் ஆய்வும் சப்ளையர் ஆடிட்டும் மேலே வரும். பின்னதில் கட்டுப்பாட்டுத் திட்டமும் லைன் நிராகரிப்பும் மேலே வரும். செய்திகள் இரண்டிலும் அவையேதான், வரிசை மட்டும் மாறும். விளம்பரத்துக்கு விளம்பரம் முதல் மூன்று வரிகளையும் திறன் பட்டியலையும் தொட்டால் போதும், கால்மணி நேர வேலை.

ஆங்கிலம் குறித்தும் கேட்டிருந்தீர்கள். நடையழகு வேண்டியதில்லை. முடிந்த வேலைகளுக்கு இறந்தகால வினை, ஒரு வரியில் ஒரு செய்தி, எழுத்துப்பிழை இல்லாமை, இவ்வளவே. செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பிழைதிருத்தப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் வரிகளை அதனிடம் எழுதச் சொன்னால், பத்து ரெஸ்யூம்களில் ஏழில் ஒரே ஆரவாரச் சொற்கள் வந்து நிற்கின்றன, அது செய்யாத வேலைக்கும் சதவீதம் போட்டுத் தந்துவிடுகிறது.

பக்க அளவு ஒன்றோ ஒன்றரையோ. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். புதியது, இறுதி, இறுதி இரண்டு என்று வரும் கோப்புகளை மீண்டும் தேடி எடுக்க எவருக்கும் பொறுமை இருக்காது. மின்னஞ்சலில் வெற்று இணைப்பாக அனுப்பாமல் நான்கைந்து வரி எழுதுங்கள்: எந்தப் பதவி, எத்தனை ஆண்டு, விளம்பரத்தில் கேட்ட முக்கியமான ஒன்றை எங்கே செய்தீர்கள், நோட்டீஸ் காலம் எவ்வளவு. தெரிந்தவர் வழியாகப் போவதானாலும் இந்த நான்கு வரியைச் சேர்த்துக் கொடுங்கள், அவர் அப்படியே மேலனுப்பிவிட முடியும்.

இவற்றைச் செய்த பிறகு சில வாரம் பொறுத்து, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வேலைத் தளத்தில் உங்கள் பக்கத்தை எவரும் திறந்தே பார்க்கவில்லை என்றால் குறை குறிச்சொற்களிலும் நிரப்பாத பெட்டிகளிலும் இருக்கிறது. திறந்து பார்க்கிறார்கள், அழைக்கவில்லை என்றால் முதல் மூன்று வரியையும் அனுபவப் பகுதியையும் மீண்டும் எழுதுங்கள். மனிதவள அலுவலர் தொலைபேசியில் பேசிவிட்டு, சம்பளமும் மூன்று மாத நோட்டீஸும் கேட்டபின் மறுபடி அழைக்கவில்லை என்றால் ரெஸ்யூமில் கை வைக்காதீர்கள். எதிர்பார்க்கும் தொகையையும், நோட்டீஸைக் குறைத்துத் தர உங்கள் நிறுவனம் இசையுமா என்பதையும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.